கறுப்போடு கறுப்பு

செண்பகம் எதை மாட்டினாலும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். காஸ் டியூப், கொடிக்கயிறு, கதவுத் தாழ்ப்பாள். ஸ்டீபனின் சட்டைக்குப் பொத்தான் தைத்தால், அதைப் பிடித்து ஆளோடு சேர்த்து இரண்டு இழுப்பு இழுப்பாள்.

"யம்மா, நான் இன்னா கொக்கியா?" என்பான் அவன்.

அவன் சொன்ன பிறகுதான் இழுத்திருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியும்.

காக்களூரில் கார்களுக்கு வயர் கட்டு செய்யும் கம்பெனியில் அவளுக்கு ஒன்பது வருஷ வேலை. ஒரு காரின் முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஓடுகிற வயர்களையெல்லாம் ஒரே கட்டாகச் சேர்த்து அனுப்புவார்கள். பெரிய பலகையில் படம் ஒட்டியிருக்கும். படத்தின் மேல் வயரைப் படுக்கவைத்து, முனையை பிளாஸ்டிக் கப்ளருக்குள் செருக வேண்டும். டிக் என்று சத்தம் வரும். வந்ததும் வயரை இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்துவிட்டால் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரம் தடவைக்கு மேல் இதுதான் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் விரல்களுக்கு ஷிஃப்ட் முடிவதில்லை.

ஆரம்பாக்கத்தில் அவளுடைய அப்பாவும் அம்மாவும் மற்றவர்கள் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். செண்பகம் பத்தாவது முடித்து மூன்று வருஷம் அவர்களோடு போனாள். பிறகு ஒருநாள் ரயிலேறி வந்து, கம்பெனி வாசலில் நாற்பது பெண்களோடு வரிசையில் நின்றாள். உள்ளே ஒரு தட்டில் துண்டு வயர்களைக் கொட்டி நிறம் பிரிக்கச் சொன்னார்கள். ட்யூப்லைட் வெளிச்சத்தில் கரு நீலமும் கறுப்பும் ஒன்றுபோலவே இருக்கும். பல பேர் அங்கேதான் தவறினார்கள். செண்பகம் தவறவில்லை. தட்டு வைத்த சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் கலைத்துப் போட்டு இன்னொருமுறை பிரிக்கச் சொன்னார். அப்போதும் அதே நேரம்தான் ஆயிற்று.

அன்று கற்றுக்கொடுத்த முதல் சட்டம், கறுப்பு கறுப்போடு, நீலம் நீலத்தோடு. அதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. யோசித்தால் லைன் நின்றுவிடும்.

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. ஒவ்வொரு கட்டிலும் அதைச் செய்தவரின் நம்பர் ஒட்டியிருக்கும். பழுது என்று ஒரு கட்டு திரும்பி வந்தால், ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது அதை மேஜைமேல் வைப்பார்கள். நம்பரை யாரும் வாசிக்க மாட்டார்கள். செய்தவர் தானாக முன்னால் வந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "என்னுது" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். திட்டு கிடையாது, பிடித்தம் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்கு பயந்து லீவு போட்டவர்கள் உண்டு. ஒன்பது வருஷத்தில் செண்பகம் அதைச் சொன்னதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். ஸ்டீபன்தான் காட்டிக்கொள்வான். "எங்க ஊட்ல ரிஜெக்ட்டே கெடையாது, என்னியத் தவிர" என்பான்.

ஸ்டீபன் கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் இருந்தவன். சூடு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் வெளியே வந்து, பழைய வெள்ளை டீசல் கார் ஒன்றை வாங்கி ஓட்டினான். கல்யாணம், ஆஸ்பத்திரி, ஏர்போர்ட் என்று எப்போதாவது சவாரி வரும். மற்ற நாட்களில் செவ்வாப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் வண்டிக்குள்ளேயே தூங்குவான். 2007 ஜூலையில்தான் நிலையான ஒன்று அமைந்தது. சிப்காட்டில் ஒரு கம்பெனியின் மேனேஜர் ஆதிநாராயணன் திருவள்ளூரில் இருந்தார். காலையில் அவரைக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோய் விட்டு, மாலையில் திரும்ப அழைத்து வர வேண்டும். ஒரு மாதம் பார்ப்போம், சரியாக வந்தால் இரண்டு வருஷத்துக்கு எழுதிக்கொள்ளலாம் என்றிருந்தார்.

முதல் வாரத்திலேயே ரேடியேட்டர் ஃபேனின் மோட்டார் எரிந்துபோனது. வண்டி ஒருமுறை கொதித்தது. நல்ல வேளையாக, சார் வண்டியில் இல்லை. ஸ்டீபன் பழைய சாமான் கடையில் வேறு மோட்டார் ஒன்றைத் தேடிப் பிடித்தான். ஃபேனின் இறக்கை பழையது, மோட்டார் மட்டும் வேறு ஏதோ வண்டியில் இருந்தது. அளவு பொருந்தியது, கப்ளர் பொருந்தவில்லை. கப்ளரை வெட்டிவிட்டு வயரை நேரடியாகச் சேர்க்க வேண்டும். வயர் என்றால் அந்த வீட்டில் வேறு யாரைக் கூப்பிடுவது? செண்பகம் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, பானெட்டுக்குள் குனிந்து, பத்து நிமிஷத்தில் முடித்தாள். பிரித்து, முறுக்கி, உறை போட்டு, டேப் சுற்றி, இழுத்துப் பார்த்தாள். சாவியைத் திருப்பி வண்டியைச் சூடாக விட்டார்கள். ஃபேன் சுற்றியது.

அதற்குப் பிறகும் வண்டி இரண்டு தடவை கொதித்தது. முதலில் கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில். அடுத்த வாரம் பெரியபாளையத்தில், ஆடிக் கூட்டத்துக்கு நடுவே. ஓடும்போது ஒன்றுமில்லை. நின்றால்தான் டாஷ்போர்டில் சூட்டு முள் ஏறியது. இரண்டாம் முறை ஆதிநாராயணன் லேப்டாப் பையோடு இறங்கிப் பஸ்ஸுக்கு நடந்தார். போகுமுன் கோபமில்லாமல் சொன்னார்: "இன்னொரு தடவை நின்னா நான் வேற வண்டி பார்த்துக்கறேன், ஸ்டீபன். தப்பா எடுத்துக்காதே."

திட்டியிருந்தால் ஸ்டீபன் அன்று இரவு சாப்பிட்டிருப்பான்.

செவ்வாப்பேட்டை மெயின் ரோட்டில் தணிகாசலத்தின் ஷெட். எஞ்சின் வேலையில் நம்பிக்கையான ஆள். ரேடியேட்டரைக் கழுவினார், மூடியை மாற்றினார், தண்ணீர் வழியிலிருக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தார். இந்தப் பக்கத்தில் சூடாகிற எந்த வண்டிக்கும் முதல் வைத்தியம் அதுதான். ஆனாலும் சூடு நிற்கவில்லை. ஆடி இரண்டாம் ஞாயிறு காலை, இவர்களுக்காகவே ஷெட்டைத் திறந்து, கடைசியாக ஒருமுறை பார்த்தார்.

செண்பகம் சர்ச் முடிந்து டிபன் பாக்ஸோடு அங்கே வந்தபோது, வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டீபனும் தணிகாசலமும் ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தார்கள்.

"வாம்மா தங்கச்சி. எங்களுக்கும் சேத்து ஜெபம் பண்ணியா?"

"உங்களுக்குப் பண்ணேன் ண்ணா. இவருக்குப் பண்ணல. நாஷ்டா துன்னாம ஓடி வந்துட்டாரு."

ஸ்டீபன் சிரிக்கவில்லை. தணிகாசலம் ஸ்க்ரூ டிரைவரால் சுட்டிக் காட்டினார்.

"பார்றா, ஃபேன் கிர்ருனு சுத்துது. தண்ணி ஃபுல்லு. மூடி புச்சு. வயரப் பாரு, கம்பெனிலேந்து வந்த மாறி கீது. நம்ம பசங்க போட்டா பாம்பு எலிய முழுங்கின மாறி இருக்கும். இதுக்கு மேல பாக்கறதுக்கு இன்னா கீது? மோட்டார் எரிஞ்ச அன்னிக்குக் கொதிச்சுதே, அப்பவே எஞ்சின் மேல இருக்கற ஹெட்டு வளைஞ்சி போயிருக்கும். எறக்கி லேத்துக்கு அனுப்பணும்."

"எத்தினி நாளுண்ணா?"

"நாலு நாளு."

"நாளைக்குக் காலைல ஆறே முக்காலுக்கு சாரு வாசல்ல நிப்பாரு."

"நிக்கட்டும். அது ஹெட்டுக்குத் தெரியுமா?"

ஸ்டீபன் செண்பகத்தைப் பார்த்தான். நாலு நாள் வண்டி இல்லையென்றால் நாளைக்கே வேறு வண்டி வரும். அது நன்றாக ஓடினால் அதுவே தொடரும். இருவருக்கும் அது தெரியும்.

"சாமான் லிஸ்ட் எழுதிக்கடா" என்றார் தணிகாசலம். சர்ச்சில் கொடுத்து செண்பகத்தின் கையிலிருந்த தாளின் பின்பக்கத்தில் ஸ்டீபன் எழுதினான். ஹெட் கேஸ்கட், வாட்டர் ஹோஸ், ஆயில் நாலு லிட்டர். எழுதி அவளிடம் கொடுத்தான். அவள் ஓரமாக நிற்கலாமென்று வண்டிக்கு முன்னால் போய், கிரில்லுக்கு நேராக நின்று அதைப் படித்தாள்.

தாள் மடங்கி அவள் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது.

பிரித்துப் பிடித்தாள். மறுபடியும் ஒட்டியது. ஆடி மாதம்தான், ஆனால் தெருவில் இலைகூட அசையவில்லை. அவள் முழங்காலிலும் வயிற்றிலும் சூடான காற்று அடித்தது. இட்லிப் பானையைத் திறந்தால் அடிக்கிற மாதிரி.

சனிக்கிழமைதோறும் கிரில்லில் ஒட்டிய பூச்சிகளை அவள்தான் துடைப்பாள். ஸ்டீபன் சவாரியிலிருந்து வந்து வண்டியை நிறுத்துமுன் துடைக்க ஆரம்பித்தால், ஃபேன் துணியை உள்பக்கம் இழுத்துக்கொள்ளும். பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கும். இந்த மாதம் அப்படி எதுவும் நடக்கவில்லை. துணி ஒருமுறைகூட உள்ளே போகவில்லை.

"அண்ணா, இந்த ஃபேனு காத்த உள்ள இழுக்குமா, வெளிய தள்ளுமா?"

"உள்ளதாம்மா இழுக்கும். முன்னாடி காத்து ரேடியேட்டர் வழியா உள்ள வந்தாதான தண்ணி ஆறும்?"

"அப்ப என் மேல இன்னாத்துக்கு அடிக்குது?"

தணிகாசலம் சுற்றி வந்தார். கிரில்லுக்கு முன் கையை வைத்தார். பிறகு ஒரு பீடியைப் பற்றவைத்து, ஒரு இழுப்பு இழுத்து, கிரில்லைப் பார்த்துப் புகையை ஊதினார். புகை திரும்பி வந்து அவர் முகத்தையே மூடியது.

"அட இவனே" என்றார், யாரையென்று தெரியாமல்.

நின்றால் ஏன் கொதித்தது என்று அப்போது புரிந்தது. ஓடும்போது எதிர்க்காற்று தன் பலத்தில் உள்ளே வந்துவிடும். நின்றதும் எஞ்சின் சூட்டையெல்லாம் வாரி ரேடியேட்டர் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது ஃபேன். சுற்றுகிறதா என்று மூன்று வாரமாக எல்லாரும் பார்த்தார்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

"ரெக்கையத் திருப்பி மாட்டிட்டியாடா?"

"மாட்டியிருப்பேண்ணா. நான்தான மாட்னேன்" என்றான் ஸ்டீபன் உடனே.

வண்டியை அணைத்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். இறக்கை சரியாகத்தான் இருந்தது.

"அப்ப மோட்டாரே ரிவர்ஸ்ல சுத்துதுடா. உன்கிட்ட ஏதோ கண்டத வித்துட்டாங்கடா. எடுத்துக்கினு போயி அவன் கடைலயே கடாசு."

ஸ்டீபனுக்கு மூன்று வாரக் கோபமும் போவதற்கு ஓர் இடம் கிடைத்தது. "இன்னிக்கு அவன உடறதில்ல" என்று துண்டை உதறித் தோளில் போட்டான்.

செண்பகம் பானெட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். டேப் மடிப்பில்லாமல், ஒரே அகலத்தில் சுற்றியிருந்தது. அவள் சுற்றியது. கறுப்பு கறுப்போடு, நீலம் நீலத்தோடு. அவள் கம்பெனிக்குள் எல்லாக் கறுப்பும் ஒன்றுதான், மைனஸ். இந்த மோட்டார் வேறு யாரோ, வேறு ஏதோ கம்பெனியில், வேறு சட்டத்துக்குச் செய்தது. அதில் கறுப்பு பிளஸ்ஸாக இருக்கலாம். அப்படியென்றால் மின்சாரம் தலைகீழாகப் போகும், மோட்டாரும் தலைகீழாகச் சுற்றும். கடைக்காரன் மேல் தப்பில்லை. ஸ்டீபன் இப்போது போனால் சண்டை போடுவான். கடைக்காரன் வேறு மோட்டார் கொடுப்பான். விஷயம் அதோடு முடிந்துவிடும். அவள் ஜாயிண்ட்டை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

"என்னுது" என்றாள்.

"இன்னாது உன்னுது?" என்றான் ஸ்டீபன்.

"தப்பு. மோட்டாரு நல்லாத்தான் கீது. நான்தான் வயர மாத்திக் குடுத்துட்டேன்."

"நீயா மாத்துன? கறுப்புக்குக் கறுப்புதான போட்ட? நான் பாத்துக்கினுதான இருந்தேன்?"

"அதான் தப்பு."

அவன் தணிகாசலத்தைப் பார்த்தான். தணிகாசலம் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். கட்டிங் பிளேயரை எடுத்து, ஜாயிண்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நொடி தயங்கினார்.

"அழகா போட்டு வெச்சிருக்கம்மா. வெட்ட மனசு வர்ல."

"குடுங்கண்ணா" என்று வாங்கி அவளே வெட்டினாள்.

தணிகாசலம் இரண்டு துண்டு வயரை பேட்டரியிலிருந்து கொண்டுவந்து மோட்டார் வயர்களில் மாற்றித் தொட்டார். ஃபேன் சுற்றியது. செண்பகம் லிஸ்ட்டை கிரில்லுக்கு முன்னால் நீட்டினாள். பட் என்று தாள் அவள் கையைவிட்டுப் போய் கிரில்லில் அப்பிக்கொண்டது. தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார். ஸ்டீபன் தாளைப் பிடுங்கி, மறுபடி வைத்து, மறுபடி பிடுங்கி, நாலைந்து தடவை பார்த்தான்.

மறுபடி சேர்க்கும்போதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கறுப்பை எடுத்து நீலத்தோடு வைக்க விரல்கள் மறுத்தன. முறுக்கினாள், பிரித்தாள். தப்பாகச் செய்கிறோம் என்று கை சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஸ்டீபனைக் கூப்பிட்டு, இரண்டு முனையையும் அவனைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, முறுக்கி முடித்தாள். மேலே மஞ்சள் டேப் சுற்றினாள், அடுத்து யாராவது பார்த்தால் இங்கே ஒன்று மாறியிருக்கிறது என்று தெரிவதற்கு. இழுத்துப் பார்த்தாள்.

"சந்தோஷப்படாதீங்க" என்றார் தணிகாசலம். "மொத்தம் மூணு தபா கொதிச்ச எஞ்சினு. ஹெட்டு நெஜமாவே வளைஞ்சிருந்தா இந்த ஃபேனு இல்ல, ராட்சச ஃபேனு வெச்சாலும் நிக்காது. நாளைக்கு சார ஏத்திக்கினு போய்த் தெரிஞ்சிக்காதே. இன்னிக்கே போயி டிராபிக்ல நில்லு. ஏசியப் போட்டுக்கினு நில்லு."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமை. எங்கண்ணா டிராபிக்கு?"

தணிகாசலம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஆடி ஞாயிறுடா. பெரியபாளையம் போ."

வேப்பிலைச் சேலை, மாட்டு வண்டி, லாரி, வேன், பம்பை, பொங்கல் புகை. கோயிலுக்கு அரை மைல் முன்னாலேயே எல்லாம் நின்றுவிட்டது. பகல் ஒன்றரை மணி. ஸ்டீபன் ஏசியைப் போட்டான், ஆனால் இருவருக்கும் வேர்த்தது. முள் பாதியில் இருந்தது. ஐந்து நிமிஷத்தில் பாதியைத் தாண்டியது. ஸ்டீபன் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். முள் முக்காலுக்குப் போயிற்று. பின்னாலிருந்த வேன்காரன் ஹாரன் அடித்தான்.

"அணைச்சிரட்டா?"

"அணைக்காத."

முன்னால் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. செண்பகம் கதவைத் திறந்து இறங்கினாள். கூட்டத்துக்கு நடுவே வண்டிக்கு முன்னால் போய்க் குனிந்து, முந்தானை நுனியை கிரில்லுக்கு அருகில் நீட்டினாள். கையில் பால்குடத்தோடு நின்ற ஒரு பெரியவர் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வண்டிக்கு வேண்டுதலா?" என்றார்.

"ஆமாங்க ஐயா."

"அம்மா பாத்துக்குவா, போ."

முந்தானை உள்ளே போய் ஒட்டியிருந்தது. அவள் நிமிர்ந்து கண்ணாடி வழியாக ஸ்டீபனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு ஒரு கையைத் தூக்கி, விரலை மெல்லச் சாய்த்துக் காட்டினான். இறங்குகிறது.

முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றார்கள். கடைசிப் பத்து நிமிஷம் வழி கிடைத்தும் நகராமல் நின்று, வேன்காரனிடம் திட்டு வாங்கினார்கள். "இன்னும் கொஞ்சம் திட்டு நைனா" என்றான் ஸ்டீபன். டிபன் பாக்ஸில் இருந்த இட்லியை அவன் தின்றது அப்போதுதான்.

திங்கட்கிழமை கவரைப்பேட்டை கேட்டில் கூட்ஸ் ரயில் ஒன்று ஆடி அசைந்து போயிற்று. ஆதிநாராயணன் பேப்பரை மடித்துவிட்டு, முன்னால் எட்டி முள்ளைப் பார்த்தார்.

"சரி பண்ணிட்டியா? என்ன ப்ராப்ளம்?"

"ஃபேன் ரிவர்ஸ்ல சுத்திச்சு சார். மெக்கானிக்குக்கே தெரியல. என் ஒய்ஃப்தான் கண்டுபுடிச்சா. காக்களூர்ல வயர் கம்பெனி."

"பரவாயில்லையே. யார் அப்படி மாட்டினது?"

"நான்தான் சார்."

அன்று மாலை இதை அவளிடம் பெருமையாகச் சொன்னான். சோற்றை வடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எதுக்கு அப்டி சொன்ன?"

"உன்ன உட்டுக் குடுப்பனா?"

"நான் செஞ்சத நான் செஞ்சேன்னு சொல்லணும். அத நீ எதுக்கு எடுத்துக்கற?"

"ஏன், புருஷன் எடுத்துக்கக் கூடாதா?"

"கூடாது. நாளைக்கு மாத்திச் சொல்லு."

"அக்ரிமென்ட்டு ஆவட்டும்மே. ரெண்டு வாரம்."

"நாளைக்கு."

ஆகஸ்ட் நடுவில் அக்ரிமென்ட் ஆனது. அதற்கு முன்னால் செவ்வாய்க்கிழமை ஒன்று இருந்தது. பெரியபாளையம் தாண்டும்வரை ஸ்டீபன் வாயைத் திறக்கவில்லை. தாண்டியபின் கண்ணாடியில் பார்த்து, "சார், நேத்து ஒண்ணு தப்பா சொல்ட்டேன்" என்று ஆரம்பித்தான். கறுப்பு, நீலம், ஜாயிண்ட் எல்லாவற்றையும் சொன்னான்.

ஆதிநாராயணன் முழுக்கக் கேட்டார். "சரி, அதை ஏன் இன்னிக்குச் சொல்றே?" என்றார்.

"ஊட்ல உட மாட்றா சார்."